மெக்கானிக்கல் முடிச்சு ரெண்டு வருஷம், 200 அப்ளிகேஷன் போட்டும் உருப்படியா ஒரு கால் வரல, எங்க தப்பு பண்றேன்?

அருப்புக்கோட்டை_மெக்

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் பெருசா எழுதுறேன், பொறுமையா படிச்சுட்டு சொல்லுங்க. 2022ல பி.இ மெக்கானிக்கல் முடிச்சேன், சிஜிபிஏ 6.9, அரியர் எல்லாம் க்ளியர். கேம்பஸ்ல வந்தது எல்லாம் ஐடி சப்போர்ட், பிபிஓ தான், அதுலயும் ரெண்டுல ஹெச்ஆர் ரவுண்ட் வரைக்கும் போய் நின்னுடுச்சு. அப்புறம் வீட்ல கவர்மெண்ட் வேலைக்கு படின்னாங்க, மதுரையில ரூம் எடுத்து படிச்சேன், குரூப் 4 2022லயும் எழுதினேன் 2024லயும் எழுதினேன், ரெண்டு தடவையும் கட் ஆஃப் வரல.

இப்ப ஆறு மாசமா வேலை தேடுறேன். நௌக்ரி, இண்டீட், லிங்க்ட்இன்னு 200 இடத்துக்கு மேல அப்ளை பண்ணியிருப்பேன். டிசைன், ப்ரொடக்‌ஷன், மெயின்டனன்ஸ், சேல்ஸ், டேட்டா என்ட்ரி எதையும் விடல. வந்த கால் மொத்தம் நாலு, அதுல மூணு பேர் ரெஜிஸ்ட்ரேஷனுக்கு பணம் கேட்டாங்க. அப்பா தறி ஓட்டுறார், தங்கச்சி காலேஜ் ரெண்டாவது வருஷம். அவர் என்னை ஒரு வார்த்தை கேக்குறதில்ல. காலைல நான் எந்திரிக்கிறதுக்கு முன்னாடியே தறி சத்தம் ஆரம்பிச்சுடும், அதைக் கேட்டுட்டு படுத்திருக்கறதுதான் எனக்கு தாங்கல. என்ன வேலைன்னாலும் செய்ய ரெடி, எங்க தப்பு பண்றேன்னு மட்டும் சொல்லுங்க.

மணப்பாறை_டெஸ்டர்

ப்ரோ நானும் மெக்கானிக்கல் தான், 2019 பேட்ச். கோர்ல, அதாவது மெக்கானிக்கல் வேலையிலயே இருந்தா சம்பளம் ஏறாது, ஷிப்ட்ல உடம்பு போயிடும். ஆறு மாசம் டெஸ்டிங் படிச்சுட்டு ஐடிக்கு வந்துட்டேன், இப்ப நல்லா இருக்கேன். நீங்களும் அதை யோசிங்க.

ஒரகடம்_ஹெச்ஆர்

தம்பி, நான் ஒரு ஆட்டோ பார்ட்ஸ் கம்பெனியில 11 வருஷமா ஆள் எடுக்கற வேலையில இருக்கேன், அந்தப் பக்கம் உக்காந்து என்ன பாக்கறேன்னு சொல்றேன்.

நீங்க கடைசியில எழுதியிருக்கீங்களே, "என்ன வேலைன்னாலும் செய்ய ரெடி"ன்னு, பிரச்சனையே அந்த வரிதான். உங்க கஷ்டம் எனக்குப் புரியுது, ஆனா எடுக்கறவனுக்கு அது வேற மாதிரி கேக்கும். எனக்கு லைன் இன்ஸ்பெக்டர் ஒருத்தர் வேணும்னா நான் "லைன் இன்ஸ்பெக்‌ஷன், வெர்னியர், மைக்ரோமீட்டர், டிராயிங் ரீடிங்"னு போட்டுத்தான் நௌக்ரியில தேடுவேன். உங்க ரெஸ்யூம்ல "ஹார்ட் வொர்க்கிங், டீம் ப்ளேயர், க்விக் லேர்னர்"னு இருந்தா நான் தேடற எந்த வார்த்தைலயும் நீங்க மாட்டவே மாட்டீங்க. 200 இடத்துக்குப் போட்டும் உங்களை யாரும் பாத்து வேணாம்னு சொல்லல, யார் கண்ணுலயும் நீங்க படவே இல்ல. இன்னொன்னு, தேடும்போது கடைசியா எப்ப ஆக்டிவா இருந்தாங்கன்னும் ஃபில்டர் போடுவோம், ரெண்டு மாசமா தொடாத ப்ரொஃபைல் அங்கேயே போயிடும்.

அந்த ரெண்டு வருஷ கேப் பத்தி பயப்படாதீங்க. "அரசுத் தேர்வுக்குப் படிச்சேன், கிடைக்கல, இனி எழுதற ஐடியா இல்ல"ன்னு மூணே வாக்கியம் சொல்லுங்க. எங்க பயம் கேப் இல்ல, நாளைக்கு அடுத்த நோட்டிஃபிகேஷன் வந்ததும் ஓடிருவாரோங்கறதுதான். அதுக்கு நேரா பதில் சொல்லிட்டா அந்தப் பேச்சு அங்கேயே முடிஞ்சுரும். பொய்யா எக்ஸ்பீரியன்ஸ் லெட்டர் மட்டும் வாங்கிடாதீங்க, பிஎஃப் யுஏஎன் நம்பரை (எந்த கம்பெனிக்கு மாறினாலும் மாறாத பிஎஃப் நம்பர்) வச்சு எங்க எத்தனை மாசம் வேலை பாத்தாங்கன்னு செக் பண்ணிடறோம், பொய் லெட்டர் தெரிஞ்சுடும்.

குறிச்சி_குவாலிட்டி

ஒரகடம் சார் சொல்றது அப்படியே உண்மைங்க. நான் கோயம்புத்தூர்ல ஒரு மெஷினிங் யூனிட்ல குவாலிட்டி பாக்கறேன், டிப்ளமோ முடிச்சு 2009ல ஆபரேட்டரா சேர்ந்தவன்.

தம்பி, முதல்ல ஒரு பேப்பர் எடுத்து நீங்க எந்த நாற்காலியில உக்காரப் போறீங்கன்னு ஒரே ஒரு வேலையை எழுதுங்க. ஃப்ரெஷரா உள்ள வர்றதுக்கு மெக்கானிக்கல்ல கதவு திறந்திருக்கற இடம்னா எனக்குத் தெரிஞ்சு மூணு, சிஎன்சி-விஎம்சி (கம்ப்யூட்டர்ல ஓடற கட்டிங் மெஷின்) புரோகிராமிங், குவாலிட்டி இன்ஸ்பெக்‌ஷன், மெயின்டனன்ஸ். டிசைன் வேலைக்கு எல்லாரும் நிக்கறாங்க, கேட் (கம்ப்யூட்டர்ல டிராயிங் போடற) கோர்ஸ் சர்டிபிகேட் இல்லாத ஆளே இல்ல, அதுல இப்போதைக்கு நிக்காதீங்க. ஒண்ணை முடிவு பண்ணிட்டீங்கன்னா அந்த வேலையில காலைல எட்டு மணிக்கு உள்ள போறவன் முதல்ல எதைத் தொடறான், எந்த ரிப்போர்ட்ல கையெழுத்து போடறான், எதுக்குத் திட்டு வாங்கறான்னு தெரிஞ்சுக்கணும். அதை வெப்சைட் சொல்லாதுங்க, அந்த வேலையில இருக்கற ஆளு சொல்லுவான். உங்க காலேஜ் சீனியர்ல நாலு பேருக்கு போன் பண்ணுங்க. "அண்ணா வேலை இருந்தா சொல்லுங்க"ன்னு கேக்காதீங்க, பாவம் அவங்களும் என்ன பண்ணுவாங்க, "பாக்கறேன்டா"ன்னு வச்சுடுவாங்க. "அண்ணா உங்க வேலையில ஒரு நாள் எப்படிப் போகும், நான் எதைக் கத்துக்கிட்டு வந்தா உங்க சார் ஒத்துக்குவார்"னு கேளுங்க, அரைமணி நேரம் பேசுவாங்க, நான் பாத்துட்டேன்.

ரெண்டாவது, சின்ன கம்பெனியெல்லாம் நௌக்ரிக்கு காசு கட்டி விளம்பரம் போடமாட்டாங்க. குறிச்சி சிட்கோ, கணபதி, அரசூர், சென்னைன்னா அம்பத்தூர் எஸ்டேட், அந்தப் பக்கம் ஓசூர், இங்க எல்லாம் கேட்லயே "ஆட்கள் தேவை"ன்னு போர்டு தொங்கும், இல்லைன்னா உள்ள வேலை பாக்கறவன் சொல்லித்தான் ஆள் வரும். ரெஸ்யூம் ஒரு 20 காப்பி எடுத்துட்டு நேரா வாங்க. திங்கக்கிழமை வராதீங்க, அன்னைக்கு ப்ரொடக்‌ஷன் மீட்டிங்லயே எல்லாரும் இருப்பாங்க. மாசக் கடைசி மூணு நாளும் வேணாம், டிஸ்பேட்ச் நெருக்கடியில ஒருத்தரும் முகம் குடுத்துப் பேசமாட்டாங்க.

கணக்கு_அக்கா

நான் மெக்கானிக்கல் இல்ல, பி.காம். ஆனா குறிச்சி அண்ணா சொன்ன இந்த நாள் பாத்துப் போற விஷயம் எனக்கு அப்படியே நடந்திருக்கு, அதனால எழுதறேன். ரெண்டு குழந்தை பிறந்து ஆறு வருஷம் வீட்ல இருந்துட்டு 33 வயசுல வேலை தேடினேன். நான் படிச்ச காலத்துல ஜிஎஸ்டியே கிடையாது, 2017ல வந்தப்ப நான் கைக்குழந்தையோட இருந்தேன். முதல்ல ஈரோட்ல எல்லா ஆடிட்டர் ஆபீசுக்கும் மெயில் அனுப்பினேன், ஒரு பதில் இல்ல. அப்புறம் பக்கத்து வீட்டு தம்பி ஒரு ஆடிட்டர் ஆபீஸ்ல இருந்தான், அவன்தான் சொன்னான், அக்கா மாசம் 11ஆம் தேதி ஜிஎஸ்டிஆர் 1, 20ஆம் தேதி 3பின்னு ஜிஎஸ்டி கணக்கு தாக்கல் பண்ற கடைசி நாள், அந்த நாள்ல நீங்க போனா வாசல்ல இருந்தே அனுப்பிடுவாங்க, 22க்கு மேல போங்கன்னு. 24ஆம் தேதி போனேன், ஆடிட்டர் சார் டீ குடிச்சுட்டு சும்மா இருந்தார், உக்காரச் சொல்லி இருபது நிமிஷம் பேசினார். டேலியில ஒரு பர்ச்சேஸ் பில் போட்டுக் காட்டச் சொன்னார், ஐஜிஎஸ்டி (வெளி மாநில ஜிஎஸ்டி) வர்ற பில்லு, அதை நான் வீட்லயே டேலியோட எஜுகேஷன் மோட்ல, அதாவது பழகறதுக்கான மோட்ல நூறு தடவை போட்டுப் பழகியிருந்தேன். 9000 சம்பளத்துல சேர்ந்தேன், நாலு வருஷம் ஆச்சு, இப்ப தனியா எட்டு கிளையன்ட் பாக்கறேன்.

தம்பி, அப்பா கேக்காம இருக்கறதை நினைச்சு நீங்க உள்ளுக்குள்ள உடையாதீங்க. ராத்திரி அவர்கிட்ட இன்னைக்கு இந்த ரெண்டு இடத்துக்குப் போனேன்பான்னு சொல்லிடுங்க, அவருக்கும் தெம்பா இருக்கும்.

தஞ்சை_டிப்ளமோ

பணம் கேட்டாங்கன்னு எழுதியிருந்தீங்களே, தயவுசெஞ்சு ஒரு ரூபா குடுத்துடாதீங்க. எனக்கு 2021ல சென்னையில ஒரு கன்சல்டன்சி 1500 ரெஜிஸ்ட்ரேஷன்னு ஆரம்பிச்சு, அப்புறம் மெடிக்கல் 3000, யூனிஃபார்ம் ஷூ 6000ன்னு வாங்கி, பெரிய கம்பெனி லோகோ போட்ட ஆஃபர் லெட்டரும் குடுத்தாங்க. அந்த லெட்டரை எடுத்துக்கிட்டு கம்பெனி கேட்டுக்குப் போனா செக்யூரிட்டி அண்ணன் வாங்கிப் பாத்துட்டு "இந்த வாரம் நீ அஞ்சாவது ஆளு தம்பி"ன்னார். அம்மாவோட தோடு அடகு வச்ச காசு அது. சைபர் க்ரைம் நம்பர் 1930க்கு போன் பண்ணிச் சொன்னேன், ஆனா பத்து நாள் கழிச்சு சொன்னதால அதுக்குள்ள காசு அக்கவுண்ட்லேருந்து போயிடுச்சு, ஏமாந்தது தெரிஞ்ச அன்னைக்கே சொல்லியிருக்கணும். பெரிய கம்பெனி எதுவும் ஆள் எடுக்க பணம் கேக்காது, ஜிமெயில்லேருந்து ஆஃபர் லெட்டரும் அனுப்பாது.

வெளிநாடுன்னு யாராவது கூப்பிட்டாலும் ஏஜென்ட்டுக்கு லைசென்ஸ் இருக்கான்னு மத்திய அரசோட இ-மைக்ரேட் சைட்ல பாருங்க. பதிவு பண்ணின ஏஜென்ட் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும் தவிர சர்வீஸ் சார்ஜ் வாங்கக்கூடாது, அதுக்கும் ரசீது குடுக்கணும். டூரிஸ்ட் விசாவுல வா அங்க வந்து மாத்திக்கலாம்னா அந்தப் பக்கமே தலை வச்சுப் படுக்காதீங்க, கம்போடியா மியான்மர்னு கம்ப்யூட்டர் வேலைக்குக் கூட்டிட்டுப் போய் நம்ம பசங்களை மோசடி கும்பல்ல மாட்டிவிட்டதெல்லாம் பேப்பர்ல பாத்திருப்பீங்க.

அருப்புக்கோட்டை_மெக்

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. தஞ்சை அண்ணா உங்களுக்கு நடந்ததைப் படிச்சு ரொம்ப கஷ்டமா இருந்துச்சு, நானும் ஒருத்தனுக்கு 1500 அனுப்ப ஜிபே வரைக்கும் ஓப்பன் பண்ணிட்டேன்.

குறிச்சி அண்ணா சொன்னபடி சீனியர்ஸ் ஆறு பேர்கிட்ட பேசினேன். குவாலிட்டின்னு முடிவு பண்ணிட்டேன், காலேஜ்ல மெட்ராலஜி (அளவெடுக்கற) லேப் எனக்குப் பிடிச்சிருந்துச்சு. ஒரு சந்தேகம், நேட்ஸ்ல (மத்திய அரசோட அப்ரண்டிஸ் ட்ரெயினிங் திட்டம்) அப்ரண்டிஸ் போலாமா? சிலர் அது அடிமை வேலைன்னு சொல்றாங்க.

ஒரகடம்_ஹெச்ஆர்

அடிமை வேலையும் இல்ல, நிரந்தர வேலையும் இல்ல. 1961 அப்ரண்டிஸ் சட்டத்துக்குக் கீழ ஒரு வருஷ ட்ரெயினிங். 2019ல ரூல் திருத்தினப்ப டிகிரிக்கு குறைந்தபட்சம் மாசம் 9000, டிப்ளமோவுக்கு 8000ன்னு வச்சாங்க, நேட்ஸ்ல அந்த குறைந்தபட்ச தொகையில பாதியை மத்திய அரசு குடுக்கும். நம்ம தென் மாநிலங்களுக்கு தரமணியில இருக்கற போர்டுதான் பாத்துக்கறாங்க. முடிச்சா ஒரு சர்டிபிகேட் வரும். ஆனா ட்ரெயினிங் முடிஞ்சதும் வேலை குடுத்தே ஆகணும்னு சட்டம் சொல்லல, அதைத் தெரிஞ்சுக்கிட்டுப் போங்க. எத்தனையாவது வருஷம் பாஸ் அவுட்னு ஒவ்வொரு அறிவிப்புலயும் எல்லை போட்டிருப்பாங்க, ஒரு வருஷம் வேலை அனுபவம் இருந்தாலும் எடுக்கமாட்டாங்க. 2022ன்னா உங்களுக்கு இன்னும் நாள் இருக்கு, ஆனா நிறைய இல்ல.

எங்க கம்பெனியிலயே அப்ரண்டிஸா வந்த பையனை ஒரு வருஷம் பேக்கிங் டேபிள்லயே நிக்க வச்ச மேனேஜரும் உண்டு, சிஎம்எம்ங்கற அளவெடுக்கற மெஷின்ல கைப்பிடிச்சு சொல்லிக் குடுத்து ரோலுக்கு எடுத்த மேனேஜரும் உண்டு. சேர்றதுக்கு முன்னாடி போன வருஷம் அங்க இருந்த அப்ரண்டிஸ் ஒருத்தரைக் கண்டுபிடிச்சுக் கேட்டுடுங்க.

மணப்பாறை_டெஸ்டர்

9000ல வெளியூர்ல ரூம் வாடகை, சாப்பாடு எப்படி சார் கட்டுப்படியாகும்? வீட்ல பணம் எதிர்பாக்கற பையனுக்கு இதைச் சொல்றது எனக்கு நியாயமா படல.

ஒரகடம்_ஹெச்ஆர்

உங்க கேள்வி சரிதான், அதை நான் மறுக்கல. பிஎஃப், இஎஸ்ஐயும் அப்ரண்டிஸ்க்கு கிடையாது. வீட்டுக்கு மாசம் ரெண்டாயிரமாவது அனுப்பியாகணும்னா இது ஒத்துவராது, ட்ரெய்னீ வேலையே பாக்கட்டும். கேன்டீன், பஸ் குடுக்கற இடமா இருந்தா மட்டும் யோசிக்கலாம்.

அருப்புக்கோட்டை_மெக்

அப்டேட். போன செவ்வாய் மதுரை ஆரப்பாளையத்துல பஸ் ஏறி சிங்காநல்லூர் வந்து இறங்கி, ஃப்ரெண்ட் ரூம்ல தங்கி மூணு நாள் குறிச்சியில நடந்தேன். 17 கேட். 9 இடத்துல செக்யூரிட்டியே அனுப்பிட்டார், 6 இடத்துல ரெஸ்யூம் வாங்கி வச்சுக்கிட்டாங்க, 2 இடத்துல உள்ள கூப்பிட்டாங்க.

முதல் இடத்துல நடந்ததை எழுதணும். குவாலிட்டி ஹெட் ஒரு புஷ் (நடுவுல துளை இருக்கற உருளை பார்ட்) எடுத்து டேபிள்ல வச்சார், எண்ணெய்ப் பிசுக்கோட, பக்கத்துல டிராயிங், ஒரு வெர்னியர். போர், அதாவது உள் துளை, 25 மி.மீ ஹெச்7, பாஸா ரிஜெக்டா சொல்லுன்னார். நான் ஜீரோ எரர் பாத்தேன், துணியில துடைச்சேன், உள் தாடையை வச்சு ரெண்டு பக்கமும் அளந்து 25.02 வருது சார், ஓகேன்னேன். "ஹெச்7 டாலரன்ஸ் எவ்வளவு?"ன்னார், அதாவது அளவு எவ்வளவு கூடலாம் குறையலாம்னு. தெரியல. சார்ட்டைக் காட்டினார், 25க்கு ப்ளஸ் 0.021, மைனஸ் சைபர். "உன் வெர்னியரோட லீஸ்ட் கவுண்ட்?", அதால அளக்க முடியற மிகச் சின்ன அளவு. 0.02 சார். "அப்ப மொத்த டாலரன்ஸே உன் வெர்னியர்ல ஒரு கோடு. இதை வச்சு எப்படி பாஸ் போட்ட?"ன்னார். எனக்கு வாய் அடைச்சுப் போச்சு. அவர் கோபமெல்லாம் படல, ட்ராயர்லேருந்து ப்ளக் கேஜ் எடுத்து கோ பக்கம் விட்டார், வழுக்கிட்டு இறங்குச்சு, திருப்பி உள்ள போகவே கூடாத நோ-கோ பக்கம் விட்டார், அதுவும் பாதி இறங்குச்சு. "ரிஜெக்ட். நீ அனுப்பியிருந்தா கஸ்டமர்கிட்டேருந்து திரும்பி வந்திருக்கும்"ன்னு சொல்லி படிச்சுட்டு வான்னு அனுப்பிட்டார்.

வெளிய வந்து டீக்கடையில ரொம்ப நேரம் உக்காந்திருந்தேன். ஆனா அவமானமா தோணல, நாலு வருஷ காலேஜ்ல யாரும் இதை இப்படி சொல்லித் தரலையேன்னுதான் இருந்துச்சு.

குறிச்சி_குவாலிட்டி

தம்பி அந்த மனுசன் உங்களுக்கு ஒரு மாசப் பாடத்தை பத்து நிமிஷத்துல சொல்லியிருக்காருங்க. "இந்த கருவி இதுக்குப் பத்தாது சார், ப்ளக் கேஜ் இல்லைன்னா போர் டயல் கேஜ் குடுங்க"ன்னு சொல்றதுதான் அங்க சரியான பதில். அளக்கத் தெரியறது ஒண்ணு, எதை வச்சு அளக்கணும்னு தெரியறது வேற. அடுத்த இடத்துக்குப் போறதுக்குள்ள லிமிட்ஸ் அண்ட் ஃபிட்ஸ் சார்ட், 7 க்யூசி டூல்ஸ், ஃபர்ஸ்ட் பீஸ் இன்ஸ்பெக்‌ஷன் ஏன் பண்றோம், கன்ட்ரோல் ப்ளான்னா என்ன, இந்த நாலையும் பாருங்க. என்பிடெல்ங்கற ஆன்லைன் சைட்ல ஐஐடி வாத்தியாருங்க பாடமே ஃப்ரீயா இருக்கு, பரீட்சை எழுதினா மட்டும்தான் 1000 ரூபா. அப்புறம் அதே குவாலிட்டி ஹெட் முன்னாடி மூணு வாரம் கழிச்சு போய் நில்லுங்க. படிச்சுட்டு வான்னு சொன்னதை ஒருத்தனும் செய்யறதில்ல.

அருப்புக்கோட்டை_மெக்

அண்ணா, போனேன். மறுபடியும் உள்ள விட்டார். இந்த தடவை ஒரு ஷாஃப்ட், மைக்ரோமீட்டர். அளக்கறதுக்கு முன்னாடி செட்டிங் ஸ்டாண்டர்டு வச்சு ஜீரோ செக் பண்ணினேன், மூணு இடத்துல ரெண்டு திசையில அளந்து, ஒரு முனையில டேப்பர் இருக்கு (விட்டம் ஒரே சீரா இல்ல) சார்னு சொன்னேன். அவர் ஒண்ணும் சொல்லல, ஹெச்ஆர்க்கு போன் பண்ணினார். ட்ரெய்னீ இன்ஸ்பெக்டர், சிடிசி (கம்பெனிக்கு ஆகற மொத்தச் செலவு) வருஷம் 2.64 லட்சம்னு சொல்றாங்க. மாசம் 22,000 கைக்கு வருமா? இன்னொன்னு, ஒரிஜினல் மார்க் ஷீட் கொண்டு வரச் சொல்லியிருக்காங்க.

ஒரகடம்_ஹெச்ஆர்

ரொம்ப சந்தோஷம் தம்பி! கணக்கைச் சொல்லிடறேன், அப்பாகிட்ட 22,000ன்னு சொல்லிட்டு அப்புறம் சங்கடப்படக்கூடாது. பேசிக் 15,000ன்னு வச்சுக்குவோம். அந்த 22,000க்குள்ளயே கம்பெனி கட்டற பிஎஃப் 1800, கிராஜுட்டிக்கு 4.81 சதவீதம் அதாவது 720 சொச்சம், கம்பெனி பங்கு இஎஸ்ஐ 3.25 சதவீதம் எல்லாம் அடங்கியிருக்கும். அதெல்லாம் போக கிராஸ் 18,870 பக்கம் நிக்கும். அதுல உங்க பிஎஃப் 1800, இஎஸ்ஐ 0.75 சதவீதம் 140 சொச்சம். கைக்கு 17,000க்கு கொஞ்சம் கம்மியா வரும், கேன்டீன் பிடிச்சா அது தனி. ஆனா பிஎஃப்ல உங்க பங்கும் கம்பெனி பங்குல ஒரு பகுதியும் உங்க பேர்ல சேருது, மீதி பென்ஷன் திட்டத்துக்குப் போகுது, இஎஸ்ஐல அப்பா அம்மாவுக்கும் வைத்தியம் பாக்க வழி இருக்கு, விசாரிச்சுக்கோங்க.

சேர்றதுக்கு முன்னாடி கேக்க வேண்டியது, கம்பெனி ரோலா கான்ட்ராக்ட் ரோலா, ஷிப்ட் எட்டு மணி நேரமா பன்னெண்டா, ஓவர்டைமுக்கு என்ன கணக்கு, ட்ரெய்னீ காலம் எத்தனை மாசம், பாண்டு உண்டா. இதைக் கேட்டா தப்பா நினைப்பாங்கன்னு நினைக்காதீங்க, நாங்க நினைக்கறதில்ல.

ஒரிஜினலைக் காட்டுங்க, அவங்க சரிபார்க்கட்டும், கையெழுத்து போட்ட ஜெராக்ஸ் குடுத்துட்டு ஒரிஜினலைக் கையோட வாங்கிட்டு வந்துடுங்க. வச்சுக்கறோம்னு சொன்னா மரியாதையா முடியாதுன்னு சொல்லுங்க, இந்த ஒரு விஷயத்துல மட்டும் வளைஞ்சு குடுக்காதீங்க. ஒரிஜினல் மாட்டிக்கிட்டு அடுத்த வேலைக்குப் போக முடியாம நின்ன பசங்களை நான் நிறைய பாத்துட்டேன்.

மணப்பாறை_டெஸ்டர்

வாழ்த்துக்கள் ப்ரோ. நான் ஐடின்னு சொன்னேன், ஆனா உங்க அந்த புஷ் கதையைப் படிச்சப்புறம் நீங்க இருக்க வேண்டிய இடம் அதுதான்னு தோணுது.

அருப்புக்கோட்டை_மெக்

ஒரிஜினல் பாத்துட்டு அங்கேயே திருப்பிக் குடுத்துட்டாங்க. கம்பெனி ரோல் தான், பாண்டு இல்ல, ஆறு மாசம் ட்ரெய்னீ. வர்ற திங்கள் ஜாயினிங். அப்பாகிட்ட 17,000க்கு கொஞ்சம் கம்மியா வரும்னே சொன்னேன். தறியை நிறுத்திட்டு வந்து ஆஃபர் லெட்டரை ரெண்டு தடவை வாங்கிப் பாத்தார். சுந்தராபுரம் பக்கம் ஷேரிங் ரூம் யாருக்காவது தெரிஞ்சா சொல்லுங்க.

குறிச்சி_குவாலிட்டி

எங்க யூனிட் பசங்க மூணு பேர் சுந்தராபுரத்துல ஒரு வீடு எடுத்திருக்காங்க, ஒரு இடம் காலியா இருக்கு, தலைக்கு 2500 வரும். உங்க நம்பரை எனக்கு தனியா அனுப்புங்க, ஞாயித்துக்கிழமையே வந்துடுங்க. சேஃப்டி ஷூ கம்பெனியில குடுப்பாங்க, ஆனா முதல் வாரம் சில சமயம் சைஸ் கிடைக்காது, வீட்லேருந்து ஒரு கட்டு ஷூ எடுத்துட்டு வாங்க. சட்டைப் பாக்கெட்ல போற சைஸ்ல ஒரு சின்ன நோட்டும் பேனாவும் வச்சுக்கங்க, பார்ட் நம்பர் முதல் நாளே ஐம்பது சொல்லுவாங்க.

கணக்கு_அக்கா

தம்பி, முதல் சம்பளத்துக்கு முன்னாடியே யுஏஎன் ஆக்டிவேட் பண்ணி நாமினியா அம்மா பேரைப் போட்டுடுங்க. எல்லாரும் இதைத் தள்ளிப் போட்டுடறாங்க.